கம்மல் போடாத காது

மே 3, சனி

காலையில் நல்ல மழை. கொடியில் கிடந்த துணி முழுக்க நனைந்து போனது. மறுபடி அலசிப் பிழிந்து அடுப்படிக் கயிற்றில் போட்டேன். நாளை அக்காவும் அத்தானும் வருகிறார்கள்.

செய்ய வேண்டியவை: மாடி அறை கழுவ. மெத்தை விரிப்பு மாற்ற. கஞ்சிக்கு ஏத்தங்காய் (நேந்திர வாழைக்காய்)ப் பொடி தீர்ந்துவிட்டது, வாங்க. ரியாவுக்கு நகம் வெட்ட (தூங்கும்போது). அப்பாவின் வெள்ளைச் சட்டை, இஸ்திரி. என் மூஞ்சியைச் சரி செய்ய.

கடைசியதுதான் கஷ்டம்.

பத்தாம் தேதி அக்கா மகள் ரியாவுக்கு முதல் பிறந்தநாள். அதற்குத்தான் அயர்லாந்தில் இருந்து வருகிறார்கள். இரண்டு வாரம் லீவு. பதினேழாம் தேதி திரும்பிப் போவார்கள், ரியா இன்னும் ஒரு வருஷம் இங்கே. அப்படித்தான் பேச்சு. அஞ்சு மாதக் குழந்தையாக என் கையில் தந்துவிட்டு அக்கா நர்ஸ் வேலைக்குத் திரும்பிப் போனாள். அம்மா இருந்திருந்தால் அம்மா பார்த்திருப்பாள். அம்மா போய் மூன்று வருஷம். நான் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் கிளாஸ் டீச்சர். வேலையை விடு என்று யாரும் சொல்லவில்லை. "வேற ஆரு இருக்கா" என்று அப்பா சொன்னார், அவ்வளவுதான். விட்டேன்.

இதுவரை யாருக்கும் சொல்லாத ஒன்று. ரியா நடந்துவிட்டாள். ஏப்ரல் 26, காலை பத்தரை. நான் அடுப்படியில் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தேன். சிலிண்டரைப் பிடித்து நின்றவள் கையை விட்டாள். நாலு அடி. வந்து என் நைட்டியைப் பிடித்தாள். கையெல்லாம் செதில், தூக்கக்கூட முடியவில்லை. அப்பா கடைக்குப் போயிருந்தார். பார்த்தது நான் மட்டும்.

அன்று சாயங்காலம் வீடியோ காலில் அக்கா: "பிள்ள நடக்காளாட்டி?"

"இல்ல" என்றேன்.

பாவம், வந்து அவளே முதலில் பார்க்கட்டும் என்றுதான். இப்போது அந்தப் பொய்யைக் காப்பாற்ற, பிள்ளை எழுந்து நின்றால் உடனே தூக்கி இடுப்பில் வைக்கிறேன். ஒரு வாரமாக இதே வேலை. எனக்கே என் மேல் எரிச்சல்.

மதியத் தூக்கம் ஒன்றரை மணிக்கு. வழக்கம்போல் என் தோளில் சாய்ந்து என் இடது காது மடலை இரண்டு விரலால் உருட்டிக்கொண்டே தூங்கினாள். அது இல்லாமல் தூங்கமாட்டாள். கம்மல் கிடந்தால் தட்டும், அழுவாள். அதனால் ஏழு மாதமாக அந்தக் காதில் கம்மல் இல்லை. ஒரு காதில் மட்டும் போட்டால் கிறுக்கி மாதிரி இருக்கிறது என்று இரண்டையும் கழற்றி அலமாரியில் போட்டாச்சு.


மே 4, ஞாயிறு

காலை ஆறு மணிக்குத் திருவனந்தபுரம் ஏர்போர்ட். மழை இல்லை. புழுக்கம்.

அக்கா ஓடி வந்தாள். கை நீட்டினாள். ரியா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு போட்ட கூச்சலில் டாக்ஸிக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். வீடு வரை அழுகை.

காலை 11. அக்கா மாடிக்குப் போனாள். என் போன் அடித்தது. அக்காதான். மாடியில் இருந்து வீடியோ கால். எடுத்தேன். ரியா போனைப் பார்த்ததும் சிரிப்பு, "மா, மா" என்று திரையை ஒரே தட்டு. அவளுக்கு அம்மா என்றால் போனுக்குள் இருக்கிற ஆள். அக்கா அங்கே இருந்து பேசிக்கொண்டே படி இறங்கி வந்தாள். வாசலில் நேரில் தெரிந்ததும் பிள்ளை மறுபடி என் தோளில் முகத்தைப் புதைத்தது. அக்கா வாசலிலேயே நின்றாள், போன் கையில்.

எனக்கு அப்போது பாவமாக இருந்தது. எழுதி வைக்கிறேன், பின்னால் மறந்துவிடுவேன்.

மாலை பெட்டி பிரித்தார்கள். சாக்லேட், அப்பாவுக்கு ஷேவிங் மெஷின், எனக்குச் சிவப்புக் கல் வைத்த தங்கக் கம்மல். அக்கா காதிலும் அதே. "ஒரே மாதிரி ரெண்டு ஜோடி எடுத்தேன். ஏட்டி, காத இப்பிடி மொட்டையா வச்சிருக்கியே, பாக்கவே கொள்ளாம இருக்கு."

ஏன் மொட்டை என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.


மே 6, செவ்வாய்

கேக் ஆர்டர் கொடுக்கக் குழித்துறைக்கு. அத்தான் கார் ஓட்டினார், அக்கா முன்னால், நானும் ரியாவும் பின்னால். மூன்று அடுக்கு, லாவெண்டர் நிறத்தில் பட்டாம்பூச்சி டிசைன். பந்தல், பலூன் எல்லாம் அதே நிறம். குடும்பம் முழுக்க லாவெண்டர் உடுப்பு. எனக்கு? "நீ எதாவது நல்லதா உடுத்துக்கோ."

சரி.

கடை வாசலில் அத்தானுக்கு ஒரு போன். நான் பிள்ளையைத் தோளில் போட்டுப் பின்னால் நிற்பதைக் கவனிக்கவில்லை. கேட்டது இது: "பதினேழாம் தேதி வாறோம். ஆமா, மூணு டிக்கெட்டும் கன்பார்ம். பிள்ளைக்க விசா ஈஸ்டருக்கு முந்தியே வந்தாச்சு. அங்க பிள்ளைய பகல்ல விட க்ரஷ் பாத்து வச்சாச்சு."

மூணு டிக்கெட். மூணு.

வீடு வந்து சேர்ந்தது எப்படி என்று தெரியவில்லை. அப்பாவைக் கிணற்றடியில் பிடித்தேன். "உங்களுக்குத் தெரியுமா?"

அப்பா வாளியைக் கீழே வைத்தார். "ஈஸ்டருக்கு அவ சொன்னா."

ஈஸ்டருக்கே தெரியும்! இந்த மனுஷன் இரண்டு வாரத்துக்கு மேலாக நான் கரைத்துக் கொடுத்த கஞ்சியைக் குடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல்.


மே 7, புதன்

வெயில் கொளுத்துகிறது. சண்டை போட்டாச்சு.

அத்தான் சொன்னது: "முந்தியே சொன்னா நீ அழுதுட்டு இருப்ப, பிள்ளையும் அதப் பாத்துக் கரையும். அதான் சொல்லல்ல." எவ்வளவு அக்கறை!

அக்கா சொன்னது: "உனக்காகவும் தாண்டி. வயசு இருபத்தெட்டு ஆவுது. நீ ஒரு கல்யாணம் கெட்டிப் போவாண்டாமா?"

அதில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏழு மாதமாக என் கல்யாணம் யாருக்கும் ஞாபகம் இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறபோது வருகிறது. "நான் வேலைய விட்டப்ப நீ எங்க போயிருந்தே? பிள்ளைக்கு ரெண்டு வயசு ஆவுற வரைக்கும்னு சொன்னது ஆரு?" என்று கத்தினேன். ரியா பயந்து என்னைப் பார்த்தாள்.

அக்கா கத்தவில்லை. கட்டிலில் உட்கார்ந்து சொன்னாள்: "அங்க போயி ரெண்டு மாசம், டூட்டிக்கு எடயில பாத்ரூமுல போயி பால் பீச்சி சிங்குல ஊத்துனேன்ட்டி. ரெண்டு மாசம். ஆர்ட்டயும் சொல்லல்ல."

எழுந்து அடுப்படிக்குப் போனேன். எனக்கு இன்னும் கோபம். சண்டையில் ஜெயித்துக்கொண்டிருந்தவளை இப்படி வாயடைக்க வைத்தால்?

மீன் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டேன். யாரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள். பயந்திருக்கிறார்கள். இருக்கட்டும்.


மே 10, சனி

பிறந்தநாள். மழை வரும்போல் மூட்டம், வரவில்லை. சர்ச் ஹாலில் இருநூறு பேர். ஃபாதர் வந்து ஜெபித்தார், கேக் வெட்டியாச்சு, பிரியாணி நன்றாக இருந்ததாம். நான் சாப்பிடவில்லை.

கம்மல் விஷயம். காலையில் அக்கா கையில் எடுத்துக்கொண்டே நின்றாள்: "நான் வாங்கிட்டு வந்தத போடாம நின்னா சனம் என்ன நெனைக்கும்?" போட்டேன். பதினொன்றரைக்கே ரியாவுக்குத் தூக்கச் சடவு. ஆளுக்கு ஆள் கை மாறி, கன்னம் கிள்ளி, போட்டோ எடுத்து, பிள்ளை துவண்டு என்னிடம் வந்து காதைத் தேடினாள். கல் தட்டியது. வீறிட்டாள். இடது கம்மலைக் கழற்றி ரவிக்கைக்குள் போட்டேன். இனயம் ஊரில் இருந்து வந்த மாமி ஒருத்தி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி: "ஏட்டி ஷைனி, ஒரு கம்மல் எங்க? களஞ்சு போட்டியா?" அக்கா என்னைப் பார்த்த பார்வை! வாங்கித் தந்ததை வேண்டுமென்றே அவமானப்படுத்துகிறேன் என்று நினைத்துவிட்டாள். நினைக்கட்டும்.

பிரியாணி அண்டாவுக்குப் பின்னால், சாக்கு மேல் உட்கார்ந்து பிள்ளையைத் தூங்கவைத்தேன். முக்கால் மணி நேரம்.

ரியா எழுந்ததும் போட்டோக்காரனின் யோசனை. பிள்ளை முதல் அடி எடுத்து வைப்பதை வீடியோ எடுக்க வேண்டுமாம். அக்கா தரையில் முட்டி போட்டுக் கை நீட்ட, எதிரே அத்தான் ரியாவைப் பிடித்து நிறுத்த. ரியா அக்காவைப் பார்க்காமல் என்னைத் தேடினாள். அவன் என்னிடம் வந்தான்: "சித்தி, நீங்க அக்காவுக்குப் பொறத்தால குனிஞ்சு இருங்க. பிள்ளையக் கூப்பிடுங்க. பிரேம்ல மட்டும் வந்துராதீங்க."

குனிந்தேன். பட்டுச்சேலையோடு, அக்காவின் லாவெண்டர் கவுனுக்குப் பின்னால், திருடி மாதிரி. கை தட்டினேன். "வா மக்ளே."

வந்தாள். ஏழு அடி. அக்கா நடுவில் தாவி அள்ளிக்கொண்டாள். ஹால் முழுக்கக் கைதட்டு. அக்கா அழுதாள், அத்தான் அழுதார், அப்பாகூட மூக்கைச் சிந்தினார். 'பிறந்தநாள் அன்றே முதல் நடை' என்று சாயங்காலத்துக்குள் எல்லார் போனிலும் ஸ்டேட்டஸ். அதில் என் வளையல் ஒன்று ஓரத்தில் தெரிகிறது. அதையும் வெட்டிவிடலாமா என்று அத்தான் கேட்டார்.

பொய் சொன்னது நான்தான். தெரியும். ஆனாலும் அந்த வளையலை அடுப்பில் எறியலாம் போல் இருந்தது.


மே 14, புதன்

ரியா இப்போது அக்காவிடம் போகிறாள். குளிக்க, சாப்பிட. தூங்க மட்டும் நான்.

அப்பாவோடு எட்டு நாளாகப் பேச்சில்லை. இன்று அவராக வந்தார். வெங்காயம் உரித்தபடி சொன்னது: "நான் குவைத்துல இருந்து மொத லீவுல வந்தப்ப நீ என்னக் கண்டு கட்டிலுக்கடியில போயி ஒளிஞ்ச. ஓர்மை உண்டா? லீவு தீருறது வரைக்கும் கிட்ட வரல்ல. பிள்ளைக்கு என்ன பிடிக்கும், எப்பிடி எடுக்கணும்னு எனக்கு ஆரும் சொல்லித் தரல்ல."

எழுந்து அறைக்கு வந்தேன். உட்கார்ந்து எழுதினேன். அக்காவுக்குக் கொடுக்க:

1. காலை எழுந்ததும் பேசக்கூடாது. பத்து நிமிஷம் சும்மா தூக்கி வைத்திரு.
2. ஏத்தங்காய்க் கஞ்சியில் கருப்பட்டி. சீனி போட்டால் துப்புவாள்.
3. மிக்ஸி சத்தம் பயம். முதலில் கை காட்டிச் சொல்லிவிட்டுப் போடு.
4. நெத்திலிக் குழம்பு சோறு பிடிக்கும். அங்கே கிடைக்குமோ என்னவோ.
5. குளிக்கும்போது தலைக்குக் கடைசியில்தான் தண்ணீர்.
6. காய்ச்சல் வருவதற்கு முந்தின நாள் நிறையச் சிரிப்பாள். கவனி.
7. "த்தீ" என்றால் நான். கேட்டால் எதாவது சொல்லிக்கொள்.

எட்டாவது எண் போட்டேன். காது என்று எழுத வேண்டும். பேனாவை மூடினேன். எட்டை அடித்துவிட்டேன்.

எல்லாவற்றையும் கொடுத்தாச்சு. நாலு அடியைக் கொடுத்தாச்சு. இது என்னுடையது. தரமாட்டேன். கெட்ட புத்தி என்றால் கெட்ட புத்திதான்.


மே 17, சனி

ஏர்போர்ட். மழை. கண்ணாடிக் கதவு வரை தூக்கிப் போனேன். அழுவாள் என்று நினைத்தேன். டிராலியில் ஏற்றியதும் சிரித்தாள், எனக்கு டாட்டா காட்டினாள். ஏழு மாதம் வளர்த்தவளுக்கு ஒரு அழுகைகூட இல்லை. ஒரு வயசுப் பிள்ளை மேல் கோபப்பட்டுக்கொண்டு நூறு பேர் நடுவே நின்றேன்.

அக்கா கட்டிப் பிடித்தாள். என் கை தொங்கியபடியே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக இரண்டு காதிலும் புதுக் கம்மலைப் போட்டேன். இனி யாருக்கு என்ன.


மே 20, செவ்வாய்

வெயிலும் மழையும் மாறி மாறி. துவைக்கத் துணி இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் போன் பண்ணினேன், ஜூனில் இடம் இல்லையாம், கூப்பிடுவார்களாம்.

மாலை 5. அக்கா, வீடியோ கால். அங்கே மதியம். இரண்டு தடவை அடித்து நின்றது. மூன்றாவது தடவை எடுத்தேன்.

அக்கா முகம் வீங்கி, கன்னத்தில் நகக் கீறல். தோளில் ரியா, கண் சொருகி, விக்கி விக்கி அழுகை. "மூணு நாளாட்டு செரிக்கு ஒறங்கல்ல. என் மொகத்துல கைய வச்சுத் தடவுகா, என்னத்தயோ தேடுகா. கிட்டாம கீறுகா. நீ எழுதாம விட்டது ஒண்ணு உண்டு ஷைனி."

"ஒண்ணுமில்ல."

"பிள்ள நடந்ததயும் நீ இல்லேன்னுதான சொன்ன? நான் நர்ஸ்ட்டி. அன்னைக்குத்தான் மொதல்ல நடக்குற பிள்ள அப்பிடிக் காலு வைக்காது. அந்த வீடியோ எடுக்கப்பவே எனக்கு மட்டும் தெரியும். அதுக்கு உன்னட்ட நான் ஒரு வார்த்த கேட்டனா? இத மட்டும் சொல்லு."

தெரிந்தே அழுதிருக்கிறாள். தெரிந்தே ஸ்டேட்டஸ் போட்டிருக்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் போனைக் கட் பண்ணிவிடலாம் என்று விரலைக் கொண்டுபோனேன்.

ரியா என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. திரைக்குக் கை நீட்டி, "த்தீ" என்று இரண்டு தட்டுத் தட்டினாள். பிறகு அந்தக் கை அக்கா கழுத்துக்குப் போனது, கன்னத்துக்குப் போனது, மேலே போய்ச் சிவப்புக் கல்லில் முட்டியது. வீறிட்டாள்.

"எடது காதுல கெடக்குற கம்மலக் கழத்து, அக்கா" என்றேன்.