அம்மா சாகிற இடத்தில் சிரித்தவன்

அண்ணே,

உன் தம்பி கல்லூரிக்குப் போய்விட்டான். சோறும் சொதியும் மூடியிருக்கிறது. பக்கத்தில் கரண்டி வைத்திருக்கிறான், வீங்கின கையால் பிசையாதே. நேற்றைய படத்தில் கதாநாயகன் நாற்பது பேர் பல்லை உடைத்துவிட்டு, அதே கையால் வீணை வாசித்தான். நீ ஒரே தம்பியின் உதட்டைக் கிழித்ததற்கே ராத்திரி முழுக்க முனகினாய்.

படத்து ரத்தம் ரோஸ்மில்க் நிறம். உன் தம்பி சட்டையில் காய்ந்திருப்பது புளிக்கரைசல் நிறம். கல்லூரிப் பலகையில் எழுதும் விமர்சனத்தில் இதையும் சேர்க்கப் போகிறான். பேய்ப் படத்தில் பேய்க்குப் பவுடர் அதிகம், குடும்பப் படத்தில் மாமனாருக்குக் கண்ணீர் அதிகம் என்று எழுதியபோது எவனும் அடிக்க வரவில்லை.

மார்பில் எட்டுக் குண்டு வாங்கிய கதாநாயகனின் அம்மா பாட்டை முழுசாகப் பாடிவிட்டுத்தான் சாவேன் என்றால் யாருக்கும் சிரிப்பு வரும். உன் தம்பிக்குக் கொட்டகையிலேயே சத்தமாக வந்துவிட்டது.

"அம்மா சாகுத இடத்துல சிரிக்கான் பாருலே! அவன் குடலை உருவுங்கலே!" என்று உன் கூட்டாளி மாரிக்கண்ணு பெஞ்சுக்காலைப் பிடுங்கினான். உன் ரசிகர் மன்றமே எழுந்தது. தலைவனான நீ முந்திக்கொண்டாய்.

"என் தம்பிய நான் அடிக்கேன். எவனும் தொடாதிய!"

வீட்டில் அம்மாவிடம், உதட்டில் கதவு நிலை இடித்தது என்று உன் தம்பி சொல்லியிருக்கிறான். உன் கையும் அதே நிலையில்தான் இடித்தது. மாற்றிச் சொல்லிவிடாதே.

மாரிக்கண்ணு உன் தம்பியைத் தேடி வந்தால், அடித்தாயிற்று என்று சொல்லி அனுப்பு.

இப்படிக்கு,
உதடு கிழிந்த உன் தம்பி

பி.கு.: நீ அடிக்காவிட்டால் அந்தப் பெஞ்சுக்கால் மண்டையில் இறங்கியிருக்கும் என்பது படுத்த பிறகுதான் உன் தம்பிக்கு விளங்கியது. ஆனாலும் கொஞ்சம் பைய அடிச்சிருக்கலாம்லா, அண்ணே.