எருக்குழியில் கிடந்த ஊசி

ஐப்பசி 4, திங்கள்

மழை விடவில்லை. முயல் கூண்டெல்லாம் ஈரம். வெள்ளைத் தாய்முயலுக்குக் காம்பு வீங்கிக் கல்லு மாதிரி. சீழ் வேறு. குட்டிகளைக் கிட்டச் சேர்க்கவில்லை. மருமகள் சுமதி, "பேளுக்குறிச்சி டாக்டருக்குப் போன் பண்ணட்டுங்களா அத்தை?" என்றாள். எதற்கு? குப்பைமேனி இலையும் மஞ்சளும் அரைத்து, சாறு விட்டுக் கழுவி, நானே பற்றுப் போட்டேன். நக்காமல் இருக்கக் கழுத்தில் அட்டை. துணி சோப்பு தீர்ந்துவிட்டது.

ஐப்பசி 8, வெள்ளி

வீக்கம் வற்றிவிட்டது. குட்டிகள் பால் குடிக்கின்றன. மிளகு விற்கச் சோளக்காடு சந்தைக்குப் போன இடத்தில் நாலு பேரிடம் சொன்னேன். ஏன் சொல்லக்கூடாது? அரியூர்நாட்டிலிருந்து வந்திருந்த பாப்பாத்தியும் முயல் வளர்க்கிறாள். அவளுடையதுக்கும் இதே வீக்கமாம்.

"ஊசிக்கு ஆளக் கூப்புடோணுங்களாம்மா?"

"ஒரு ஊசியும் வேண்டாம் சாமி. எலை போதும்."

அரைக்கும் பக்குவம் சொல்லி அனுப்பினேன். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தும் கால் வலி தெரியவில்லை.

ஐப்பசி 11, திங்கள்

எருக்குழி கிளறினால் ஊசி. பக்கத்தில் காலி மருந்துக் குப்பி. சுமதியைக் கூப்பிட்டேன்.

"நீங்க பத்துப் போட்ட அன்னிக்கே டாக்டரு வந்து போட்டாருங்க. மிச்ச நாளு உங்க மகன் போட்டாருங்க."

"ஏண்டி சொல்லல?"

"மனசு நோவீங்கன்னுதான். உங்களுக்கும் சந்தோசம், முயலும் பொழச்சுது."

சந்தோசமாம். கிலுகிலுப்பை ஆட்டிக் காட்ட நான் என்ன தொட்டில் பிள்ளையா? பெற்ற மகனும் கூட்டு. இலைச்சாற்றில் ஆறியதா, ஊசியில் ஆறியதா? என் மருந்துக்கு எவ்வளவு பலம் என்று இனி எனக்கே எப்படித் தெரியும்? மத்தியானம் சோறு இறங்கவில்லை. ரசத்தில் உப்பு அதிகம்.

பாப்பாத்திக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை.

ஐப்பசி 12, செவ்வாய்

நல்ல வெயில். பாப்பாத்தியே கூப்பிட்டாள். அவள் முயல் செத்துப்போச்சு.

"நான்தானுங்க பக்குவந் தெரியாம அரைச்சுட்டேன். இன்னொண்ணுக்கும் வீங்குதுங்க. நீங்களே வந்து அரைச்சுக் குடுங்கம்மா."

அரைத்ததில் குற்றமில்லை, எங்கள் முயலுக்கு ஊசியும் போட்டிருக்கிறார்கள், எனக்கே நேற்றுத்தான் தெரியும், உடனே டாக்டரைக் கூப்பிடு என்றேன். பாப்பாத்தி கேட்டாள்.

"ஊசி வேண்டாம்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?"

சுமதி அடுப்படியில் நின்றாள். போனை அவள் காதில் வைத்தேன். அவளும் கேட்கட்டும்.