உங்கள் வண்டி ஒழுகவில்லை, சம்பந்தி

சம்பந்தி,

இன்று காலை காருக்கு ஆயில் மாற்றினேன். பழைய ஃபில்டரைக் கழற்றியதும் கருகிய ஆயில் வாசம் மூக்கில் ஏறியது. காலையிலிருந்து இரவு வரைக்கும் தேங்காய் எண்ணெய் வாசத்திலேயே கிடக்கிற மில்காரன் நான். எனக்கு அந்தக் கருகல் வாசம் வந்தாலே உங்கள் ஞாபகம்தான். கை தானாகப் போய், ஃபில்டர் உட்காரும் இடத்தை ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தது. பழைய ரப்பர் வளையம் எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. 'பாத்தீங்களா சம்பந்தி' என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். அப்புறம்தான் நீங்கள் போய்விட்டது உறைத்தது.

உங்களுக்கு ஒரு கெட்ட பெயர் இருக்கிறது. அது உங்களுக்கும் தெரியும். நம் இரண்டு வீட்டுச் சொந்தத்தில் யாரைக் கேட்டாலும், "மாப்பிள்ளை ஊடு பாக்கப் போன எடத்துல வண்டி ஆயில ஒழுக உட்டுப்போட்டு வந்தவரு" என்றுதான் உங்களை அடையாளம் சொல்கிறார்கள். பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் ஆயுசு முழுக்க டெஸ்டிங்கில் நின்று, ஒரு சொட்டுத் தண்ணீர் கசிந்தாலும் பம்பைத் திருப்பி அனுப்பிய மனிதர் நீங்கள். உங்களுக்குப் போய் இப்படி ஒரு பெயர். அதைத் துடைப்பதற்கு நானும் படாத பாடு படுகிறேன். ஒருத்தரும் நம்பமாட்டேன் என்கிறார்கள்.

நீங்கள் எங்கள் வீடு பார்க்க வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கென்றே என் வீட்டுக்காரி போர்ட்டிகோவில் வெள்ளை டைல்ஸ் போடவைத்திருந்தாள். போட்ட நாளிலிருந்து அதன்மேல் யார் நடந்தாலும் அவளுக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்கு விடியும் முன்பே எழுந்து, காரைத் தெருவுக்குத் தள்ளவைத்து, தரையைக் கழுவித் துடைத்து, காரை மறுபடி உள்ளே விடவைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். அவள் போன பிறகு நான் காரை அங்கேயே ஸ்டார்ட் பண்ணி ஓடவிட்டு, பாட்டுக் கேட்டுக்கொண்டே துடைத்தேன். பிறகு உங்கள் வண்டி நிற்க இடம் வேண்டுமே என்று என்னுடையதை மில் குடோனுக்குப் பின்னால் கொண்டுபோய் விட்டேன். அதற்கு முந்தைய வாரம்தான் ஆயிலும் ஃபில்டரும் நானே மாற்றியிருந்தேன். வீட்டிலேயே மாற்றிய பெருமையில் யாரைப் பார்த்தாலும் அதைச் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது.

நீங்கள் வந்தீர்கள், சாப்பிட்டீர்கள், வீட்டைச் சுற்றிப் பார்த்தீர்கள். எல்லாம் பிடித்துப்போய், வெற்றிலை பாக்கு மாற்றுவது ஒன்றுதான் பாக்கி. காரிலிருந்து பழத்தட்டை எடுத்து வருகிறேன் என்று வெளியே போனவர் திரும்பவில்லை. வந்து பார்த்தால், பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நாலு காலில் நின்று, தலையைக் காருக்கு அடியில் விட்டிருந்தீர்கள். நெஞ்சுவலியோ என்று எனக்குப் பதறிவிட்டது. குனிந்தேன். வெள்ளை டைல்ஸில் பணியாரம் அளவுக்குக் கறுப்பாக ஒரு கறை.

"மன்னிக்கோணுமுங்க சம்பந்தி. நம்ம வண்டி ஒழுகிப்போட்டுதுங்க."

நான் அவசரமாக மறுத்தேன். "அட, அது நம்முளுதுங்க. காத்தால என்ற வண்டிதானுங்க இங்க நின்னுட்டிருந்துச்சு."

"எனக்காகச் சொல்றீங்க. நிக்கறது என்ற வண்டி. கறை அதுக்குக் கீழ இருக்குதுங்க."

"இல்லீங்க, சத்தியமா நம்முளுதுங்க."

"வேண்டாமுங்க, சத்தியமெல்லாம் எதுக்குங்க? நம்முளுதுதானுங்க."

மற்ற ஊரில் இந்த மாதிரி விஷயத்துக்கு 'உன்னுது உன்னுது' என்று அடித்துக்கொள்வார்கள். நாம் இரண்டு பேரும் முட்டி போட்டுக்கொண்டு, ஒரு கறைக்கு ஆளுக்கு ஒரு பக்கம் உரிமை கொண்டாடினோம். உள்ளேயிருந்து என் வீட்டுக்காரி, "நாலரைக்கு ராகுகாலமுங்க, தட்ட எடுத்துட்டு வாங்க" என்று குரல் கொடுத்தாள். நான் எழுந்துவிட்டேன். நீங்கள் எழவில்லை.

"எதுன்னு தெரியாம நான் வெத்தல மாத்தமாட்டனுங்க. ஒழுகற வண்டில வந்து பொண்ணுக் குடுத்தவன்னு பேராயிருமுங்க. என்ற பொண்ணுக்கு அது வேண்டாமுங்க."

விளையாட்டுக்குச் சொல்கிறீர்கள் என்று உங்கள் முகத்தைப் பார்த்தேன். அதில் விளையாட்டே இல்லை. என் மகன் உங்கள் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று ஒரு வருஷமாகக் காத்திருந்தவன். அவன் கல்யாணம் ஒரு சொட்டு ஆயிலில் நின்றுபோய்விடும் போலிருந்தது.

உங்கள் வண்டியையும் குடோனுக்குப் பின்னால் கொண்டுபோய், என் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். பானெட் இரண்டையும் திறந்தாயிற்று. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் எஞ்சினைத் துடைத்தபடியே, "முகப்பவுடர் இருக்குதுங்களா?" என்று கேட்டீர்கள். நான் வீட்டுக்குள் ஓடி என் வீட்டுக்காரியின் டப்பாவைத் தூக்கினேன். அவள் பிடித்துக்கொண்டாள்.

"பவுடரு எதுக்குங்க?"

"சம்பந்தி கேட்டாரு."

அவள் பார்த்த பார்வையை நீங்கள் பார்க்கவில்லை. நல்லவேளை.

டப்பாவில் பாதியை உங்கள் எஞ்சின் மேலும் மீதியை என் எஞ்சின் மேலும் தூவினீர்கள். "ஒழுகற எடம் ஒண்ணு, சொட்டற எடம் ஒண்ணுங்க. எஞ்சின் மேல இருக்கற மூடில கசிஞ்சாக்கூட, பின்னால வழிஞ்சு அடில வந்துதானுங்க சொட்டும். கீழ சொட்டுதுன்னு கீழயே கழட்டுனா வேல கெட்டுதுங்க. பவுடருல பாத்தா எங்கிருந்து கோடு கெளம்புதுன்னு தெரிஞ்சுபோகுமுங்க." இரண்டு வண்டியையும் ஸ்டார்ட் பண்ணிவிட்டு நின்றோம். மணி நாலு ஆகிக்கொண்டிருந்தது. நான் மனதுக்குள் ஆனைமலை மாசாணியம்மனை வேண்டிக்கொண்டிருந்தேன், என் வண்டியே ஒழுக வேண்டும் என்று.

அம்மன் கைவிடவில்லை. உங்கள் எஞ்சின் போட்ட பவுடர் கலையாமல் கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி இருந்தது. மேல் மூடி, அடித்தட்டு, திருகு, சீல் எல்லாவற்றையும் செல்போன் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "சுத்தமுங்க" என்றீர்கள். அப்போது உங்கள் முகத்தில் வந்த நிம்மதியை நான் பார்த்தேன். அப்புறம் என் வண்டி. ஃபில்டருக்கு மேலிருந்து கறுப்பாக ஒரு கோடு இறங்கி நின்றது. எண்ணெய் டின் ஒன்றை அடியில் வைத்துக் கழற்றினீர்கள். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்துக்கு மேலே பழைய வளையம் எஞ்சினோடு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. நான் அதை எடுக்காமலே புதியதை ஏற்றி முறுக்கியிருக்கிறேன்.

"ரெண்டு போட்டா டபுள் ஸ்ட்ராங்குன்னு நெனச்சுட்டீங்களாங்க?"

சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். வந்ததிலிருந்து நீங்கள் சிரித்தது அப்போதுதான். எனக்கும் உயிர் வந்தது. இடத்தைத் துடைத்து, வளையத்தில் விரலால் ஆயில் தடவி, கையாலேயே முறுக்கிவிட்டு, குறைந்த ஆயிலையும் ஊற்றினீர்கள். பவுடர் முகமும் கறுப்புக் கையுமாக இரண்டு பேரும் பின்வாசலுக்கு வந்தோம். அங்கே என் வீட்டுக்காரி நின்றுகொண்டிருந்தாள். போர்ட்டிகோவைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள் என்று முகத்திலேயே தெரிந்தது. அவள் கண் நேராக என்மேல் வந்தது. நான் வாயைத் திறக்கும் முன்பு நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"மன்னிச்சுக்கோ தங்கச்சி. நம்ம வண்டிதான் ஒழுகிப்போட்டுது. டைல்ஸ் வீணாப்போச்சு."

"அட உடுங்கண்ணா! டைல்ஸ் கெடக்குதுங்க" என்று அவள் கரைந்துபோனாள். டைல்ஸ் கெடக்குது என்று அவள் வாயால் கேட்டது அன்று ஒரு நாள்தான்.

நான் அவளைத் தனியே இழுத்து, "அவரு சொல்றத நம்பாத, நம்ம வண்டிதான் ஒழுகுச்சு" என்றேன். அவள் என் கையை ஆதரவாகத் தட்டினாள். "தெரியுமுங்க. அவரு மனசு நோகக்கூடாதுன்னு சொல்றீங்க. வெடியால நானே கழுவுன தரையுங்க, எனக்குத் தெரியாதா?" அவ்வளவுதான். ராகுகாலத்துக்கு முன்னால் வெற்றிலை மாற்றினோம், இரண்டு பேர் வெற்றிலையிலும் ஆயில் ரேகையோடு.

கல்யாணத்தன்று பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தபோது ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "என்ற பொண்ணு வாழப்போற ஊட்டுல, மொத நாளே மாமனாரு ஏச்சு வாங்கறதப் பாத்துட்டு நான் எப்படீங்க நிம்மதியாப் போறது?" என்றீர்கள். பாயசத்தை ஊற்றிக்கொண்டு அதோடு அந்தப் பேச்சை முடித்துவிட்டீர்கள்.

நான் முடிக்கவில்லை. சீமந்தம், கிரகப்பிரவேசம் என்று எங்கே அந்தக் கதை வந்தாலும் 'அது என் வண்டிங்க' என்று சொன்னேன். சொல்லச் சொல்ல என் மதிப்புத்தான் ஏறியது. நீங்கள் வருகிறீர்கள் என்று தெரிந்தால் என் வீட்டுக்காரி போர்ட்டிகோவில் மரியாதையாக ஒரு சாக்கு விரித்துவைப்பாள். நீங்களும் கும்பிட்டுவிட்டு, வளைத்து வளைத்து, சரியாகச் சாக்கின்மேல் வண்டியை நிறுத்துவீர்கள். நீங்கள் போன பிறகு சாக்கை எடுத்து அவளிடம் காட்டுவேன். ஒரு சொட்டு இருக்காது. "அதுக்கப்பறம் ரிப்பேர் பண்ணிட்டாருங்க" என்பாள்.

உங்கள் காரியத்தன்று உங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது யாரோ மறுபடி அதை எடுத்தார்கள். அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. அத்தனை பேருக்கும் நடுவில் எழுந்து, "அவரு வண்டி ஒழுகலீங்க, ஒழுகுனது என்ற வண்டி" என்று கத்தினேன். உங்கள் பெரியப்பா மெல்ல எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "செத்தவரு மானத்தக்கூடக் காப்பாத்தறீங்களே. உங்களாட்டம் சம்பந்தி கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கோணுமுங்க" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

அன்று சாயங்காலம் ஊருக்குத் திரும்பினோம். மகன் உங்கள் வீட்டு வேலைகளை முடித்துவிட்டு வருவதாக அங்கேயே தங்கிவிட்டான். காரில் பக்கத்தில் உங்கள் மகள், பின்னால் என் வீட்டுக்காரி. பல்லடம் தாண்டியதும் உங்கள் மகள் என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, அப்பா வண்டி நெஜமாலுமே ஒழுகலீங்ளா?"

"ஒரு சொட்டு ஒழுகல கண்ணு."

"எனக்கும் தோணுமுங்க. அப்பா ஒழுகற வண்டிய வாசலத் தாண்ட உடமாட்டாருங்க. அப்பறம் ஏனுங்க மாமா பழிய ஏத்துக்கிட்டாரு?"

பந்தியில் நீங்கள் சொன்னதைச் சொன்னேன். வண்டியை ஓரமாக நிறுத்தவேண்டியதாகிவிட்டது. நீங்கள் போனதிலிருந்து எல்லாரையும் தேற்றிக்கொண்டு அழாமல் இருந்த பெண், முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். பின்சீட்டில் தூங்குகிறாள் என்று நாங்கள் நினைத்திருந்தவள், "பாரு கண்ணு, உங்கப்பாவுக்காக உன்றகிட்டக்கூட மாமா பொய் சொல்றாரு. நல்ல மனுசன்" என்று மூக்கை உறிஞ்சினாள். உங்கள் மகள் அழுகையோடேயே என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு அப்படியே உங்களுடையது.

நான் விடுவதாக இல்லை, சம்பந்தி. என் மூச்சு இருக்கிற வரைக்கும், நம் சொந்தத்தில் எந்தப் பந்தலில் அந்தப் பேச்சு வந்தாலும் எழுந்து நின்று உண்மையைச் சொல்வேன். யாரும் நம்பப்போவதில்லை. ஆனால் இனிமேல் நான் எழுந்தால், உங்கள் மகளும் கூட எழுந்து நிற்பாள்.