இறுகாத தளம்

நகரி
15-2-1960

செல்வ மகள் அலர்மேல்மங்கைக்கு,

"நைனா, தண்ணி ஊத்துனா மண்ணு கரையுது, சிமெண்ட் மட்டும் எதுக்குக் கெட்டியாவுது?" என்று சின்ன வயதில் கேட்டாயே, அன்று எனக்கு விடை தெரியவில்லை. அது காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு சேர்ந்து வேறு பொருளாகிறது என்று போன கடிதத்தில் நீ எழுதிய பிறகுதான் விளங்கியது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், எனக்கு மனசுதான் ஓரிடத்தில் நிற்கவில்லை. டில்லிக் குளிரில் காதை மூடிக்கொண்டு ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போகிறாயா?

பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்புக்கு ஊரார் சேர்ந்து கட்டும் அறைக்குப் போன வாரம் கூரையாகக் கான்கிரீட் தளம் போட்டார்கள். பாலையா மேஸ்திரிதான் வேலை. சுண்ணாம்புக் காரைக்கு வெல்லமும் கடுக்காயும் ஊறிய தண்ணீர் விட்டே பழகிய கை, அடியில் பிள்ளைகள் உட்காருவார்களே, உறுதியாக இருக்கட்டும் என்று சிமெண்டிலும் வெல்லத் தண்ணீரைத் தாராளமாக ஊற்றிவிட்டார். மறுநாள் மேலே ஏறித் தொட்டேன், தயிர் மாதிரி விரல் உள்ளே போனது. இன்றைக்கும் நகத்தால் கீறினால் கோடு விழுகிறது. "மேஸ்திரி தளம் போடல, பாயசம் வெச்சிக்கிறாரு" என்று ரங்கையா கடைத்தெரு முழுக்கச் சொல்லிச் சிரிக்கிறார். அவர்தான் கட்டட வேலைக்குப் பெரியவர். எல்லைப் பிரிவினையில் திருத்தணி மெட்ராஸ் பக்கம் போகிறது, நாம் ஆந்திராவிலேயே நிற்கிறோம், அறை இல்லாவிட்டால் தமிழ் வகுப்பையே எடுத்துவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். பங்குனியில் சித்தூரிலிருந்து அதிகாரி பார்க்க வருவதற்குள் பூச்சு முடியவேண்டுமாம், அதனால் வருகிற ஞாயிறே தளத்தை அடியில் தாங்கி நிற்கும் முட்டுக்கட்டைகளை எடுக்கச் சொல்கிறார். பாலையாவோ ரோஷத்தில், "எடு சாமி, எடுக்கச்சொல்ல நான் அடியிலதான் நிப்பேன், வுழுந்தா என் தலமேல வுழட்டும்" என்கிறார். அவர் மனைவி சுந்தரம்மா நம் வீட்டுக்கு வந்து, "சார், நீ சொன்னா கேப்பாரு" என்று அழுதாள். சொன்னேன், கேட்கவில்லை.

சிமெண்டுக்குள் நாலு வகைப் படிகம், ஒன்று சீக்கிரம் இறுகும், ஒன்று மெதுவாக என்று எழுதினாயே, ஒரே பானையில் போட்ட பயறும் கொண்டைக்கடலையும் மாதிரி என்று அதை ரங்கையாவுக்குச் சொன்னேன். பயறு வேகாமல் வெல்லம் தடுத்துவிட்டது, கடலையாவது வேகுமா, காத்திருந்து பார்க்கலாம் என்றேன். "எத்தினி நாளு சார் பாத்துக்கினு இருக்கறது?" என்று கேட்டார். அதற்கு மேல் எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். உன் தந்தி வரும்வரை ஒரு கட்டையையும் தொடக்கூடாது என்று கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தி வைத்திருக்கிறேன்.

ஏழுமலையான் உன்னைக் குறையில்லாமல் வைக்கட்டும். அம்மா வடகம் அனுப்பியிருக்கிறாள், தோழிகளுக்கும் கொடு. நீ ஏற்கெனவே சோதித்து அறிந்திருந்தால் இன்றே தந்தி அடித்துவிடு. இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தை வைத்துவிட்டு, இரண்டு கிண்ணத்தில் சிமெண்ட் குழைத்து, ஒன்றில் மட்டும் வெல்லம் கரைத்து ஊற்றி, அது எத்தனை நாளில் இறுகுகிறது என்று தினம் காலையில் ஊசியால் குத்திப் பார்.

உன் நைனா
ஆதிநாராயணன்