கோமதி படுத்து வர ஒரு கேரியர்

ஜூலை 6, '97. ஞாயிறு

காற்று. காலையிலிருந்தே புழுதி. பைண்டிங் ஆபீசில் ஒரு காகிதம் மேஜையில் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை திறந்ததே தப்பு.

டாக்டர் சொல்லிவிட்டார். கோமதி ஆடி அமாவாசைக்குக் காரையாறு அய்யனார் கோயிலுக்குப் போகலாம். ஆனால் படுத்தவாக்கில். அரை மணிக்கு மேல் உட்காரக் கூடாது. குலுங்கக் கூடாது. முதுகுத் தண்டில் ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் ஆகவில்லை, அதற்குள் மலைக்குப் போகலாமாம். வீட்டுக்குள் குச்சி பிடித்து நடப்பவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. திரும்பி வரும்போது ஆட்டோக்காரரிடம்கூடச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஆபரேஷன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது, 'அய்யனாரே, ஆடி அமாவாசைக்கு வந்துருதேன்' என்று சொல்லிக்கொண்டே போனாளாம். நர்ஸ் சொன்னது.

ஆக, ஆபீஸ் பிக்கப் வண்டியில் நோட்டுக் கட்டு ஏற்றும் இடம் அவளுக்குப் படுக்கை. வருஷா வருஷம் அங்கே ஏற்றுகிற சாமான் எல்லாம் கூட்டுக்கு மேலே போக வேண்டும். கூடு என்றால் வெறும் தகரம், நோட்டு நனையாமலிருக்கப் போட்டது. மேலே ஒரு கம்பி கிடையாது. கேரியர் வேண்டும்.

மேலே போக வேண்டியவை: மூங்கில் 16. தென்னந்தட்டி 20. தார்ப்பாய். அண்டா 2. அரிசி 1 மூட்டை. பாய், ஜமுக்காளம். ஐந்து நாள் ஆற்றங்கரைக் குடிலுக்கு இதில் எதையும் குறைக்க முடியாது.

இங்கேயாவது உண்மையை எழுதலாம். அவள் போகவேண்டாம் என்பதுதான் என் எண்ணம். பாபநாசம் தாண்டி அந்த மலை ரோட்டில் ஒரு குழி போதும்.

ஜூலை 9, புதன்

வெயில். இரண்டு பள்ளிக்கூடத்துக்கு நோட்டு போயாயிற்று. கோடு போடாதது இன்னும் பாக்கி.

கேரியர் விசாரித்ததில் மூன்று வழி.

ஒன்று, பழைய கார் கேரியர். கூட்டின் ஓரத்தில் கொக்கி மாட்டித் திருகினால் முடிந்தது. மச்சினன் ஆறுமுகம் இரவல் வாங்கித் தருகிறான்.

இரண்டு, கூரையைத் துளைத்து போல்ட் போடுவது. பிடிப்பு பலம். மழை பெய்தால் கோ. முகத்தில் சொட்டும். அங்கே சாரல் இல்லாத நாள் உண்டா.

மூன்று, வண்டியின் அடிச்சட்டத்திலிருந்து நான்கு கால் எழுப்பி, கூட்டைத் தொடாமல் மேலே தனியாக ஒரு பந்தல் மாதிரி. ஆறுமுகம் சிரித்தான். "அத்தான், அஞ்சு நாளைக்குப் போயி இம்புட்டு வேலையா?"

இன்னும் இரண்டு பட்டறையில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். எதற்கு இரண்டு பட்டறை என்று எனக்குத்தான் தெரியும்.

ஜூலை 13, ஞாயிறு

சோப்பு, பல்பொடி, கோ.வின் மாத்திரை (மஞ்சள்), பைண்டிங் துணி.

"ஏங்க, கேரியர் என்னாச்சு?"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"பாத்துக்கிட்டே இருந்தா அமாவாசை போயிரும். நீங்க என்ன பொண்ணா பாக்கிய?"

அறுபது வயதுக்காரனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா. என்னைப் பெண் பார்க்க விட்டபோது பத்து நிமிஷத்தில் சரி என்று சொன்னவன் நான். அதைச் சொன்னேன். "அதான் சொல்லுதேன்" என்றாள்.

ஜூலை 15, செவ்வாய்

ஆறுமுகம் கார் கேரியரைக் கொண்டுவந்து மாட்டிவிட்டான். மேலே நான்கு மூட்டை அரிசி ஏற்றி, தெருவில் இரண்டு சுற்று. ஆடவில்லை, அசையவில்லை. அவனுக்குப் பெருமை.

கோ. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மேல பாத்தாச்சு. உள்ள யாரு பாத்தா?" என்றாள். பிறகு என்னிடம், "நீங்க உள்ள படுங்க. தம்பி ஓட்டட்டும். சீவலப்பேரி வரைக்கும் போயிட்டு வாங்க."

படுத்தேன். கதவைச் சாத்தினார்கள். அதை எப்படி எழுத. முகத்துக்கு மூன்று அடி மேலே தகரம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அது உள்ளே இறங்கி ஏறுகிறது. படார் படார் என்று சத்தம். வயல் காற்று வந்தது, அதுகூடப் பிடிக்கவில்லை. டவுன் பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக் கடந்தபோது தலைமேல் மூட்டை வந்துவிட்டது என்றே நினைத்தேன். சீவலப்பேரியில் இறங்கினபோது பனியன் நனைந்திருந்தது.

வந்ததும் சொல்லிவிட்டேன். வேண்டாம், போகவேண்டாம், என்னால் ஆகாது.

கோபப்படுவாள் என்று பார்த்தால் இல்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே, "கூரை சரியில்லன்னா கூரையச் சரி பண்ணுங்க. என்னய எதுக்கு நிறுத்துதிய?"

மடக்கிவிட்டாள். முப்பத்தைந்து வருஷத்தில் எத்தனையாவது தடவை.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. தேங்காய்ப்பால் பாயசம்.

மேலப்பாளையம் ரோட்டில் இஸ்மாயில் பாய் பட்டறை. கோ. சொல்லி அனுப்பிய இடம். இவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், கட்டில் காலுக்கு ரப்பர் வைத்துக் கொடுத்தது அவர்தானாம். நான் நோட்டு எண்ணிக்கொண்டிருந்த நாளில்.

நான் மூன்று வழியையும் விளக்க ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"அண்ணாச்சி, மேல என்ன ஏத்துதியன்னு எல்லாரும் சொல்லுவாக. உள்ள என்ன வைக்கிய, அத மொதல்ல சொல்லுங்க."

சொன்னேன். மனிதர் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். பத்து நிமிஷம் காலும் செருப்பும்தான் வெளியே. எழுந்து வந்து கேட்டது ஒன்றே ஒன்று. "தல எந்தப் பக்கம் வச்சுப் படுப்பாங்க?"

எந்தப் பட்டறையிலும் இதை ஒருவரும் கேட்கவில்லை. நானே யோசிக்கவில்லை.

தலை டிரைவர் பக்கம் வைத்தால் குலுக்கல் குறைவாம், பின்சக்கரத்துக்கு மேலே ஆகாதாம். கார் கேரியரைக் கழற்றி ஓரமாகச் சாத்திவிட்டார். மூன்றாவது வழிதான். அடிச்சட்டத்திலிருந்து நான்கு குழாய்க் கால். கூட்டுக்கும் மேலே வரும் கேரியர் சட்டத்துக்கும் நான்கு விரல் இடைவெளி. "ரெண்டும் தொடக் கூடாது அண்ணாச்சி. மேல உள்ளது மேலயே ஆடிக்கிடட்டும். அம்மா பாட்டுக்குத் தூங்கட்டும்."

நல்ல மனிதர்.

ஜூலை 24, வியாழன்

மழை வாசனை, மழை இல்லை. ஆபீசில் பசை புளித்துவிட்டது.

கேரியர் முடிந்தது. போய்ப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே நின்றேன் என்பதுதான் சரி. வெல்டிங் வைத்த இடம் எல்லாம் தேய்த்து வழவழப்பாக இருக்கிறது. ஒவ்வொரு கால் அடியிலும் பழைய டயர் ரப்பர். பின்பக்கக் கதவு திறக்கிற அளவுக்குக் கால்களை அகட்டி வளைத்திருக்கிறார். ஐந்து பேரை மேலே ஏற்றிக் குதிக்கச் சொன்னார். அவர் கையைச் சட்டத்துக்கும் தகரத்துக்கும் நடுவே நிறுத்திக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார். கை எங்கேயும் மாட்டவில்லை.

"ஆறு மூட்ட அரிசி எடைக்கு மேல ஏத்தாதிய. ஏத்துனா எம்மேல குத்தம் சொல்லாதிய."

பிறகு நான் உள்ளே படுத்தேன், யாரும் சொல்லாமலே. ஆறுமுகம் ஓட்டினான், மறுபடி சீவலப்பேரி. தகரம் அசையவில்லை. திரும்பும்போது தூங்கிவிட்டேன்.

கோ.விடம் சொன்னேன். போகலாம் என்று. நானாகவே. "அப்படியா" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று நான் பார்க்கப் போகவில்லை.

ஜூலை 30, புதன்

நாளை கிளம்ப வேண்டும். வீடு சந்தைக்கடை.

கோமதி போகிறாள் என்று தெரிந்ததும் ஆள் மாற்றி ஆள் வருகிறார்கள். சாமிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள் என்று. கணக்கு:

பெரிய மச்சினிச்சி வீடு: தேங்காய் 1 மூ.
எதிர்வீடு: பித்தளை மணி, கையால் தூக்க முடியாதது.
கோ.வின் அத்தை மகன்: கோயில் பூதத்தார் சாமிக்கு இரும்புச் சங்கிலி 2.
பைண்டிங் ஆபீஸ் ஆட்கள் சேர்ந்து: அரிசி 1 மூ., அங்கேயே உள்ள பட்டவராயன் சாமிக்குத் தோல் செருப்பு ஒரு ஜோடி.
பெயர் தெரியாத ஒருவர்: குத்துவிளக்கு.

சாமிக்கு என்று ஒருவர் நீட்டுவதை வேண்டாம் என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை. எல்லாம் ஏறிவிட்டது. ஆறு மூட்டை எடை எப்போதோ தாண்டிவிட்டது. தெரிந்தே ஏற்றினேன். சாமி சாமானுக்கு எடை பார்க்கக் கூசியது.

ஜூலை 31, வியாழன்

அம்பாசமுத்திரம் வரை ஒன்றும் இல்லை. இரு பக்கமும் நாற்று. கோ. உள்ளே பாடிக்கொண்டே வந்தாள், நானும் ஆறுமுகமும் முன்னால்.

பாபநாசம் நெருங்கும்போது தட்டினாள். நிறுத்தினோம்.

"கூரை பேசுது" என்றாள்.

போய்ப் பார்த்தேன். பின்பக்கம் நான்கு விரல் இடைவெளி ஒரு விரலாகியிருந்தது. மேலே பார்க்கவே தைரியமில்லை. இன்னும் மலை ஏறவே இல்லை. அப்படியே திரும்பிவிடலாம் என்று வாய் வரை வந்தது. வெட்கம். இஸ்மாயில் பாய் கணக்கு தப்பவில்லை, நான்தான் தப்பு. அதை அவளிடம் சொன்னேன்.

ஆறுமுகம், "தேங்கா மூட்டைய இறக்கிருவோம் அத்தான்" என்றான். இறக்கினால் மச்சினிச்சிக்கு என்ன சொல்ல. மணியை இறக்கினால், சங்கிலியை இறக்கினால்? பாதி வழியில் நேர்ச்சையை விட்டுவிட்டுப் போவதற்கு அங்கே போகாமலே இருக்கலாம். இருவரும் ரோட்டோரம் நின்றுகொண்டே இருந்தோம்.

கோ. படுத்தபடியே, "சாமி சாமான் இருக்கட்டும். நம்ம சாமான இறக்குங்க."

"குடிலு?" என்றேன்.

"குடிலு எதுக்கு? எனக்குத்தான் வண்டி இருக்குல்லா. உங்களுக்கு ஒரு தார்ப்பாய் போதாதா?"

மூங்கில், தட்டி, அண்டா, எங்கள் அரிசி, எல்லாம் டீக்கடைக்காரர் ஒருவர் வீட்டுப் பின்னால். இடைவெளி மூன்று விரல் ஆனது. ஆறுமுகத்தை நடை வேகத்தில் ஓட்டச் சொல்லிவிட்டு நான் பின்னால் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மலை முழுக்க அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "உங்களுக்குப் பயமா இருக்கும்" என்றாள்.

சேர்ந்தாயிற்று. நேர்ச்சை எல்லாம் அந்தந்த இடத்தில் கொடுத்தாயிற்று. காலியான சட்டத்திலிருந்து இரண்டு மருத மரத்துக்குத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினோம். பக்கத்துக் குடில்காரர்கள் சோறு தந்தார்கள். அரிசியை விட்டுவிட்டு வந்தவர்கள் என்று ஊரே பேசுகிறது.

ஆக. 1, வெள்ளி

சாரல். ஆறு நிறையத் தண்ணீர், கரை ஓரம் முழங்கால்தான்.

காலை ஆறு மணி. பக்கத்துக் குடில் பெண்கள் இருவர் தாங்கிப் பிடிக்க, வண்டியிலிருந்து இறங்கி நடந்தாள். நான் பின்னால் குச்சியும் துண்டுமாக. கணுக்கால் வரை தண்ணீர், அங்கே நிறுத்தினேன். இன்னும் இரண்டு எட்டு என்றாள். பெண்கள் என்னைப் பார்த்தார்கள்.

"வலிக்குதா?" என்று கேட்டேன்.

"வலிக்கத்தான் செய்யுது. வீட்ல கெடந்தாலும் இதே வலிதான்."

துண்டைக் கல்மேல் போட்டுவிட்டு நானும் இறங்கினேன்.