ஈசானிய மூலையில் தேங்கிய தண்ணீர்

திருவண்ணாமலை
9-11-2001

அன்புள்ள வளவனுக்கு அம்மா எழுதுவது. மஸ்கட்டில் நீ நோய்நொடியில்லாமல் இருக்க அண்ணாமலையார் பார்த்துக்கொள்ளட்டும். இங்கே நாங்கள் நலம் என்று எழுதக் கை வரவில்லை. இன்று காலை எழுந்ததும் நான் அடுப்பு பற்றவைக்கவில்லை, சமையலறையில் கணுக்கால் அளவுக்கு நின்ற தண்ணீரைக் குண்டானில் மொண்டு தெருவில் கொட்டினேன். எல்லாம் உன்னால் வந்தது. போன லீவில் வந்தவன் யாரோ ஒரு வாஸ்துக்காரர் பேச்சைக் கேட்டு, தண்ணீர் தெற்கே போனால் குடும்பத்துக்கு ஆகாது என்று, தோட்டத்துத் தண்ணீர் தெருச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்த சந்துக் கால்வாயை அடைத்தாய், பின்கட்டு முழுக்கச் சிமெண்ட் போட்டு வாட்டத்தை ஈசானிய மூலைக்குத் திருப்பினாய். அந்த மூலையில் பக்கத்து வீட்டுச் சுவர்தானே இருக்கிறது, தண்ணீர் எப்படி வெளியே போகும் என்று அப்போதே கேட்டேன். பிசிக்ஸ் படித்த என்னைப் பார்த்து, கொத்தனார் எதிரில், உனக்கு ஒண்ணும் தெரியாது, உள்ள போம்மா என்றாய். இந்த மழை முழுக்க அதுதான் காதில் கேட்டுக்கொண்டிருக்கிறது.

பக்கத்து வீட்டு ஆதிலட்சுமி முதலில் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், என்னாக்கா, உங்க வூட்டு அதிர்ஷ்டம்லாம் எங்க செவுத்தாண்ட வந்து குந்திகினு இருக்குது, கூட்டிகினு போங்க என்று. நேற்று சிரிக்கவில்லை. ஊறிப்போன மண்சுவர் அவர்கள் பக்கம் உப்பிவிட்டது. பிரசவத்துக்கு வந்த அவள் மகள் கவிநிலா பச்சைக் குழந்தையோடு படுத்திருப்பது அந்தச் சுவரை ஒட்டிய அறையில்தான், வேறு அறை அவர்களுக்கு இல்லை. செவுரு புள்ள மேல வுழுந்திச்சின்னா உங்கள சும்மா வுடமாட்டேங்க்கா என்றாள். உன் அப்பாவிடம் சொன்னால், அத செஞ்ச பிறகுதான் அவனுக்கு புரமோஷன் வந்துச்சி, கைய வெச்சிடாதே, மழை வுட்டா தானா வடிஞ்சிடும் என்கிறார். போனில் நீயும் அதையேதான் சொன்னாய். உன் புரமோஷன் வந்து அந்தச் சுவரைத் தாங்கிப் பிடிக்குமா?

வெயிலில் தலையில் துணி கட்டாமல் நிற்காதே, ராத்திரி பட்டினியாகப் படுக்காதே. கோபத்தில் எழுதுகிறேன், ஆனாலும் நீ நன்றாகத்தான் இருக்க வேண்டும். அப்பாவுக்குப் போன் போட்டு என்னைத் தடுக்கச் சொல்லாதே, இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அவர் ஒரு சாவுக்குக் கீழ்பென்னாத்தூர் போயிருக்கிறார், பொழுது சாய்ந்துதான் வருவார். கடப்பாரையைத் தேடி எடுத்து வைத்துவிட்டேன். அவர் வருவதற்குள் சந்து அடைப்பை உடைத்து, அங்கிருந்து அந்த மூலை வரைக்கும் நீ போட்ட சிமெண்டைக் கொத்தித் தண்ணீரைத் தெற்கே விடப்போகிறேன். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

உன் அம்மா,
மணிமொழி