மூன்றாவது மாதிரி

12.8.2024, திங்கள்
காய்ச்சல் நூறு. வலது விலாவுக்குக் கீழே வலி, பதினேழாவது நாள். ஆலையில் பீங்கான் இன்சுலேட்டர் தொகுதி ஒன்றைத் தரமில்லையென்று எழுதித் திருப்பினேன். தொண்டை கட்டியிருப்பது, மாலையில் பால்காரர் குரலுக்கு என்ன என்று கேட்டபோதுதான் தெரிந்தது. அதுவரை யாரிடமும் பேசவில்லை.

16.8, வெள்ளி
ஸ்கேனில் கல்லீரலில் கரும்புள்ளிகள். டாக்டர் சிவசங்கரி ‘புற்று’ என்ற சொல்லைத் தவிர்த்தே பேசினார். புதுச்சேரிக்குப் போய்ச் சதையெடுத்துப் பார்க்க வேண்டுமாம். படிவத்தில் ‘உடன் வருபவர்’ என்றொரு கட்டம். மனைவி துர்கா சேத்தியாத்தோப்பில் தாய்வீட்டுக்குப் போய் இரண்டு ஆண்டுகள். அதில் கோடு போட்டுவிட்டேன்.

19.8, திங்கள்
ரத்த அறிக்கையைப் பார்த்துவிட்டுப் புழுவாகவும் இருக்கலாம் என்கிறார் டாக்டர்.
“பச்சையா கீரை சாப்புடுறீங்களா சார்?”
பதினோரு ஆண்டுகளாகக் காலை ஆறுக்கு வல்லாரைச் சாறு. வாய்க்கால் ஓரத்தில் பறித்து மூன்று முறை கழுவுவேன் என்றேன்.
“ஆடு மாடு மேயுற எடம். புழு கீரையில ஒட்டிக்கிட்டா கழுவுனா போவாது.”
ஆனால் மலப் பரிசோதனையில் ஒன்றுமில்லை.

20.8, செவ்வாய்
ஒரே மாதிரியை வைத்து எந்தத் தொகுதியையும் நான் முடிவுசெய்ததில்லை. இன்னும் இரண்டு நாள் மாதிரி கொடுப்பேன் என்றேன்.
“சார், இது பீங்கான் கம்பெனி இல்ல,” என்றாள் ஆய்வகத்து மதிவதனி.
“தெரியும்மா. டப்பா கொடுங்க.”

22.8, வியாழன்
மூன்றாவது மாதிரியில் ஒரு புழுமுட்டை இருந்தது. கல்லீரல் தட்டைப்புழு. புதுச்சேரி வேண்டாம். வேறு யாரிடம் சொல்வது? ஆலைக் காவலாளி காத்தவராயனிடம் சொன்னேன். “புழுவா சார்?” என்று நாற்காலியை நகர்த்திக்கொண்டார்.

24.8, சனி
“வூட்டுல வேற யாரு அந்தச் சாற குடிச்சாங்க?” என்று டாக்டர் கேட்டார்.
துர்கா. ஒன்பது ஆண்டுகள், நானே கொடுத்தேன் — டம்ளர் காலியாகும்வரை நின்று. என்ன காரியம் செய்துவிட்டேன்? போனை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

25.8, ஞாயிறு
துர்காவிடம் பேசினேன். நீயும் பரிசோதனை செய்துகொள் என்றேன்.
“நான் எங்க குடிச்சேன்? நீங்க கடிகாரத்தப் பாக்குற நேரத்துல வாஷ்பேசின்ல ஊத்திடுவேன்.”
ஒன்பது ஆண்டுகளும். எனக்குக் கோபம் வரவேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.
“ஒடம்புக்கு இவ்ளோ ஆயிருக்குது, ஒரு வார்த்த சொல்லலியே.”


27.8, செவ்வாய்
மருந்து வந்தது. உணவோடு இரண்டு வேளை, பன்னிரண்டு மணி இடைவெளியில். போட்டுக்கொண்டேன். மறுபரிசோதனை செப்டம்பர் 24. மாலை துர்கா கூப்பிட்டாள். வருவதாகச் சொல்லவில்லை. தேதியை மட்டும் இரண்டு முறை கேட்டாள்.